அறுநூற்றுப் பதினோரு முறை தீர்க்கப்பட்ட புகார்

ஜூன் 2, திங்கள்

ஆடிட் வருகிறதாம். அதனால் எல்லாரும் அன்றாட வேலையை எழுதிவைக்க வேண்டும் என்று ரெஜினால்ட் சொல்லிவிட்டார். ரெஜினால்ட் எங்கள் மேனேஜர், சொன்னால் சொன்னதுதான். ஆடிட்டருக்குக் காட்ட ஒரு நோட்டு போட்டிருக்கிறேன். இது அந்த நோட்டு இல்லை.

வேலை இதுதான். ரத்தப் பரிசோதனை நிலையங்களுக்கு நாங்கள் மென்பொருள் எழுதித் தருகிறோம். அவர்கள் ஏதாவது கோளாறு என்றால் அது டிக்கெட்டாக ஓர் இடத்தில் பதிவாகும். நிரலில் ஒருவர் செய்யும் மாற்றத்தை இன்னொருவர் படித்து ஒப்புதல் தருவது வேறோர் இடத்தில் நடக்கும். அதற்கு ரிவ்யூ என்று பெயர். இரண்டும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு பத்து வருஷமாகப் பேசிக்கொள்ளாத ஓரகத்திகள் மாதிரி. அவற்றை நான் இணைக்க வேண்டும். எந்தப் புகாருக்காக எந்த மாற்றம், எழுதியது யார், ஒப்புக்கொண்டது யார் என்று ஒரே பக்கத்தில் தெரிய வேண்டும். 20-ஆம் தேதி ஆடிட்டர் வந்து அதைப் பார்த்தால்தான் எங்கள் சரக்கு மருத்துவ மென்பொருள் என்று சான்றிதழ் கிடைக்கும்.

"ரெண்டு நாள் வேலைதானே அரசி?" என்றார் ரெஜினால்ட்.

"ரெண்டு நாள்ல முடியற வேலைய யாரும் பத்து வருஷம் போட்டு வைக்க மாட்டாங்க சார்."

சிரித்தார். தேதியை மட்டும் மாற்றவில்லை.

வீட்டில் தண்ணீர்த் தொட்டி கழுவ வருவதாகச் சொன்ன ஆள் வரவில்லை. வீட்டுக்காரருக்குக் கடைவாய்ப் பல் வலி. தைலம் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பல் டாக்டரிடம் போகச் சொன்னால் காது கேட்கவில்லை.

ஜூன் 3, செவ்வாய்

இணைப்பு மறுக்கப்பட்டது. பதினான்கு முறை. தொட்டி கழுவியாயிற்று.

ஜூன் 4, புதன்

இணைப்பு பேச ஆரம்பித்துவிட்டது. பழைய மாற்றங்கள் எந்தெந்த டிக்கெட் எண்ணைச் சொல்கின்றன என்று எடுத்துப் பார்த்தேன். இரண்டு வருஷத்தில் ஆயிரத்துத் தொள்ளாயிரம் சொச்சம் மாற்றங்கள். அவற்றில் 611-இல் ஒரே எண்: 4417.

டீமில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதிதான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு சட்டம் வந்தது. டிக்கெட் எண் போடாத எந்த மாற்றமும் ரிவ்யூவுக்குப் போகாது. எண்ணுக்கும் மாற்றத்துக்கும் சம்பந்தம் உண்டா என்று கணினி பார்க்காது. மூடாத டிக்கெட்டாக இருந்தால் போதும். பொத்தானின் நிறத்தை மாற்றுவதற்கெல்லாம் தனி டிக்கெட் போட யாருக்குப் பொறுமை இருக்கிறது? யாரோ ஒருவர் 4417 என்று போட்டார். போயிற்று. அடுத்தவரும் போட்டார். புதிதாகச் சேருகிறவர்களுக்குக் காபி மெஷினைக் காட்டும்போதே இதையும் சொல்லிக்கொடுத்துவிடுவோம்.

பக்கத்து நாற்காலியில் ஷாகிரா பானு. நாங்கள் எழுதுவதைச் சோதித்துப் பார்ப்பது அவள் வேலை. எட்டிப் பார்த்தாள்.

"உண்மையிலயே அந்த 4417 என்னதுங்கக்கா?"

திறந்தேன். இன்றுதான் முதல்முறையாக முழுதாகப் படிக்கிறேன். எழுதியவர் ம. மரிய புஷ்பம், லேப் டெக்னீஷியன், அம்பாசமுத்திரம் பக்கம்.

"ரத்தக் குழாயில் ஒட்டும் லேபிளில் பன்னிரண்டு எழுத்துதான் விழுகிறது. இனிஷியலும் வயதும் வெட்டுப்பட்டுப் போகின்றன. எங்கள் ஊரில் ஒரே பெயரில் நிறையப் பேர் உண்டு. இனிஷியலை வைத்துத்தான் ஆளைப் பிரிக்கிறோம். சரிசெய்து தரவும். அதுவரை நான் பேனாவால் எழுதிக்கொள்கிறேன்."

காரணம் எளிது. பெயர்ப் படிவத்தை வெளிநாட்டு மாதிரி ஒன்றைப் பார்த்துச் செய்தோம். முதலில் பெயர், அப்பா பெயர் கடைசியில். ஆங்கிலத்தில் சுடலைமுத்து என்று அடித்தாலே பன்னிரண்டு எழுத்து தீர்ந்துவிடும். நம் ஊரில் இனிஷியல் முன்னால் வரும் என்று அந்தப் படிவத்தைச் செய்த ஒருவருக்கும் தோன்றவில்லை. இரா. மங்கையர்க்கரசி என்று ஆயுள் முழுக்கக் கையெழுத்துப் போட்டுவரும் எனக்கும்தான்.

டிக்கெட்டில் 'அவசரம்: குறைவு' என்று குறித்திருக்கிறது.

"ரெண்டு வருசமா அந்தம்மா கையில எழுதீட்டிருக்காங்களா?" என்றாள் ஷாகிரா.

எழுதிக்கொண்டுதான் இருப்பார். அந்தச் சின்ன லேபில் குழாய்க்கு எண் கிடையாது. பெயரைப் பார்த்துத்தான் அடுக்குகிறார்கள். அவர் பேனாவால் எழுதும்வரை ஆபத்தில்லை. நிறுத்தினால்தான் ஆபத்து.

ஜூன் 6, வெள்ளி

பழைய மாற்றங்களையும் சேர்த்து இணைப்பை இன்று பதினொரு மணிக்கு ஓடவிட்டேன். ஒப்புதலான மாற்றம் எந்த டிக்கெட் எண்ணைச் சொல்கிறதோ அந்த டிக்கெட் தானாக மூடிக்கொள்ளும். மூடும்போது புகார் கொடுத்தவருக்கு ஒரு மெயில் போகும். பழையவற்றுக்கு அந்த மெயிலை நிறுத்திவைக்க ஒரு கட்டம் இருந்தது. நான் அதைத் தொடவில்லை.

மாற்றத்துக்கு ஒன்றாக, மரிய புஷ்பத்துக்கு 611 மெயில் போயிருக்கிறது. எல்லாவற்றிலும் ஒரே வாசகம்: உங்கள் புகார் தீர்க்கப்பட்டது.

ஷாகிரா முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "அக்கா, அந்தக் கோளாறு தீரவே இல்லீங்களே" என்றாள்.

ரெஜினால்டிடம் சொன்னேன். டிக்கெட்டுகளின் நிலையைக் காட்டும் பலகையைப் பார்த்தார். எல்லாம் மூடிப் பச்சை. பத்து வருஷத்தில் எங்கள் பலகை பச்சையாக இருந்ததில்லை.

"திரும்பத் திறந்தா அது வேற ஹிஸ்டரில ஏறும். ஆடிட் முடியட்டும், அப்புறம் திறந்து சரி பண்ணிடலாம்" என்றார். நியாயமாகத்தான் பட்டது.

மூன்று மணிக்கு ஒரு பதில் மெயில் வந்தது. "இரண்டு வருடம் கழித்தாவது செய்து கொடுத்ததற்கு நன்றி. நாளை முதல் கையால் எழுத வேண்டியதில்லை. ஆண்டவர் உங்கள் எல்லாரையும் ஆசீர்வதிப்பாராக. மரிய புஷ்பம்." கீழே லேபின் போன் நம்பர்.

"இப்பவே கூப்புடுங்கக்கா" என்றாள் ஷாகிரா.

நாலு மணிக்கு ஒரு மீட்டிங். அது ஐந்தே முக்கால்வரை போயிற்று.

ஜூன் 7, சனி

ஒருவழியாக இவரைப் பல் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். ஒன்றரை மணி நேரம் காத்திருந்தோம். போனில் அந்த மெயிலை மூன்று தடவை படித்தேன். பல்லைப் பிடுங்கிவிட்டார்கள். மாவு தீர்ந்துவிட்டதால் அரைத்தேன்.

லேபுக்குப் போன் செய்யவில்லை. நம்பர் ஆபீஸில் இருக்கிறது.

ஜூன் 9, திங்கள்

பத்து மணிக்கு அம்பாசமுத்திரத்துக்குக் கூப்பிட்டேன். வேறொரு பெண் எடுத்தாள்.

"புஷ்பம் அக்காவா? அவங்கள வர வேண்டாம்னுட்டாங்களே."

"ஏன்?"

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னதை வரிசையாக எழுதிவிடுகிறேன். சனிக்கிழமை காலை எழுபது பேர். இரண்டு சுடலைமுத்துகள். பி. சுடலைமுத்துவுக்கு வயது அறுபத்தொன்று, எஸ். சுடலைமுத்துவுக்கு நாற்பத்தெட்டு. இரண்டு குழாயிலும் சுடலைமுத்து என்று மட்டும் இருந்திருக்கிறது. நாற்பத்தெட்டின் சர்க்கரை அளவு அறுபத்தொன்றின் ரிப்போர்ட்டில் போய்விட்டது. டாக்டர் அதைப் பார்த்து இன்சுலினைக் கூட்டினார். ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரியவர் மயங்கி விழுந்துவிட்டார், ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். உயிருக்கு ஒன்றுமில்லை. இருபத்திரண்டு வருஷமாக வேலை பார்த்த மரிய புஷ்பத்தை ஞாயிறு மதியமே முதலாளி நிறுத்திவிட்டார்.

மரிய புஷ்பத்தின் சொந்த நம்பரை வாங்கிக்கொண்டு, நன்றி சொல்லி வைத்தேன்.

ஜூன் 10, செவ்வாய்

மாடிப்படியில் நின்றுகொண்டு அவருடைய சொந்த நம்பருக்குக் கூப்பிட்டேன். திட்டுவார் என்று தயாராகத்தான் இருந்தேன்.

"ஆமா, மரிய புஷ்பம்தான் பேசுதேன். கோயம்புத்தூர் கம்பெனியா? சொல்லுங்க மேடம்."

மெயில் தவறாகப் போய்விட்டது, கோளாறு இன்னும் சரிசெய்யப்படவில்லை என்றேன்.

"அப்படியா. நான் ஒரு தடவ அடிச்சுப் பாத்துருக்கணும் மேடம். என் தப்புதான். மெயிலு வந்துகிட்டே இருந்துச்சு. இத்தன தடவ சொல்லுதாங்கன்னா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சுட்டேன். சனிக்கிழம கூட்டம் வேற. ஒட்டுத அவசரத்துல லேபிளப் பாக்கல."

"முதலாளிகிட்ட அந்த மெயிலக் காட்டினீங்களா?"

"காட்டினேனே. அதான் வினையாப் போச்சு. கம்பெனியே சரி பண்ணிட்டோம்னு அறுநூறு தடவ எழுதிருக்கான், அப்ப தப்பு உன் கையிலதாங்காரு. சுடலைமுத்து அண்ணாச்சி வீட்டாளுகளும் அப்படித்தான் நெனைக்காங்க." இருமினார். "ஒரு லெட்டர் தருவீங்களா மேடம்? சரி பண்ணல, மெயிலு தப்பாப் போச்சுன்னு மட்டும். வேற ஒண்ணும் வேண்டாம். வார திங்கக்கிழம புது ஆளு வருதாம். அதுக்கு முன்ன கெடச்சா முதலாளி ஒருவேள மனசு மாறுவாரு."

கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

ஜூன் 11, புதன்

கேட்டேன்.

"அரசி, 20-ஆம் தேதிக்கு அப்புறம் நானே கையெழுத்துப் போட்டுத் தரேன்" என்றார் ரெஜினால்ட். கல் நெஞ்சக்காரர் இல்லை. விஷயத்தைக் கேட்டு அவர் முகமும் வாடிவிட்டது. "இப்ப அப்படி ஒரு லெட்டர் வெளிய போச்சுன்னா சர்டிபிகேட் கிடையாது. பதினெட்டு பேர் இருக்கோம்."

"அவங்களுக்குத் திங்கக்கிழம வரைக்கும்தான் சார் நேரம்."

"அவங்களுக்கு நான் வேற லேப்ல சொல்லி வேலை வாங்கித் தரேன்."

அவர் வாங்கியும் தருவார். ஆனால் ஓர் ஆளைப் படுக்கவைத்தவள் என்ற பேரோடுதான் அந்த வேலைக்குப் போக வேண்டும்.

மதியம் கோளாறைச் சரிசெய்தேன். இனிஷியலை முன்னால் கொண்டுவந்து, லேபிளுக்கு இரண்டாவது வரி கொடுத்தேன். இருபது நிமிடம் ஆயிற்று. ஷாகிரா சோதித்துப் பார்த்துச் சரி என்றாள். ஆடிட் முடியும்வரை புது வெளியீடு கிடையாது என்பதால் அது அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

மரிய புஷ்பம் இடத்தில் இப்போதைக்கு வேலை பார்க்கிற அந்தப் பெண்ணுக்குப் போன் செய்து, பேனாவால் எழுதுகிறாளா என்று கேட்டேன். எழுதுகிறாளாம். அது ஒன்றுதான் இன்று உருப்படியாக நடந்தது.

சாயங்காலம் 4417-இன் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது 611 மாற்றங்களும் எழுதியவர் பெயரோடு வரிசையாகத் தெரிகின்றன. முதல் பெயர் என்னுடையது. வரிசை தேதிப்படி.

ஜூன் 12, வியாழன்

சிறுவாணித் தண்ணீர் வரவில்லை. லாரிக்குச் சொல்லியிருக்கிறது. இவருக்குத் தாடை வீக்கம் குறைந்திருக்கிறது, கஞ்சிதான் குடிக்கிறார்.

ஜூன் 13, வெள்ளி

மரிய புஷ்பத்திடமிருந்து ஒரு குறுஞ்செய்தி: "சுடலைமுத்து அண்ணாச்சி வீட்டுக்கு வந்துட்டாங்க. உங்களுக்கும் கவலையா இருக்கும்னு சொல்லுதேன்."

லெட்டரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

ஜூன் 14, சனி

காலையில் துணிகளைக் காயப்போட்டுவிட்டு வந்து லேப்டாப்பைத் திறந்தேன். இவர் கஞ்சிக் கிண்ணத்தோடு எதிரில் உட்கார்ந்தார்.

"ஒரு வாரமா மூஞ்சி சரியில்ல. என்னன்னுதான் சொல்லேன்."

சொன்னேன். முழுதாகக் கேட்டார்.

"அந்தம்மாவுக்கு லெட்டரு குடுத்தா உன்ற வேலைக்கு ஏதாச்சும் ஆகுமா?"

"ஆகலாம்."

"செரி. அதுக்காகத்தான் குடுக்காம இருக்கறயா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்துவிட்டு, இந்த நோட்டை எடுத்துப் புரட்டினேன்.

4-ஆம் தேதி இந்த நோட்டில் 'யாரோ ஒருவர்' என்று எழுதியிருக்கிறேன். என் சொந்த நோட்டில்கூட. அன்றுதான் முதல்முறையாகப் படித்தேன் என்றும் எழுதியிருக்கிறேன். இரண்டும் பொய். அந்த டிக்கெட் வந்த அன்றே என் பெயருக்குத்தான் வந்தது. படித்தேன். ஒரே ஒரு லேபின் தொல்லை, அதுவும் அந்த அம்மாள் பேனாவால் சமாளித்துக்கொள்கிறார் என்று நினைத்து, அவசரம் குறைவு என்று குறித்தது நான். பத்து நாள் கழித்துப் புதுச் சட்டம் வந்தபோது, என் பெயரில் மூடாமல் கிடந்த டிக்கெட் அது ஒன்றுதான் என்று அந்த எண்ணைப் போட்டு மாற்றத்தை அனுப்பினேன். மூடாமல் வைத்திருந்தது வசதியாக இருந்தது. வெட்கமாக இருக்கிறது.

லெட்டர் எழுதினால் கம்பெனித் தாளில் மேனேஜர் கையெழுத்து வேண்டும். டிக்கெட்டில் குறிப்பு எழுத யாருடைய கையெழுத்தும் வேண்டாம். எழுதியது அப்படியே புகார் கொடுத்தவருக்கு மெயிலாகப் போகும். நான் போட்ட இணைப்பினால் இனி அதை யாராலும் அழிக்கவும் முடியாது. ஆடிட்டர் கேட்டதே அதைத்தான்.

டிக்கெட்டைத் திரும்பத் திறந்தேன். இப்படி எழுதினேன்:

"4417-ஆம் புகார் தீர்க்கப்படவில்லை. ஜூன் 6 அன்று தீர்க்கப்பட்டதாகப் போன 611 மெயில்களும் தவறு. அந்த மாற்றங்களில் ஒன்றுகூட இந்தப் புகாருக்காகச் செய்யப்பட்டதல்ல. லேபிளில் இனிஷியல் வெட்டுப்படுவது எங்கள் மென்பொருளின் கோளாறு. திருமதி மரிய புஷ்பம் இதை இரண்டு வருடம் முன்பே எழுதித் தெரிவித்திருக்கிறார். எங்கள் மெயிலை நம்பித்தான் அவர் பேனாவால் எழுதுவதை நிறுத்தினார். ஜூன் 7 அன்று நடந்த தவறுக்கு அவர் பொறுப்பல்ல. புகாரை முதலில் படித்து ஒதுக்கிவைத்ததும், இந்த எண்ணை வேறு வேலைகளுக்குப் பயன்படுத்தத் தொடங்கியதும், அந்த மெயில்களை அனுப்பியதும் நான். இரா. மங்கையர்க்கரசி."

அனுப்பினேன். மணி பதினொன்றே கால். பிறகு ரசம் வைத்தேன்.

ஜூன் 16, திங்கள்

ரெஜினால்ட் அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா வேண்டாம்னிருப்பீங்க."

"ஆமா. வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன்." மேஜையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "அந்த 611-ல நாப்பத்தி மூணு என்னோடது அரசி. நேத்து எண்ணிப் பார்த்தேன்."

பலகையில் ஒன்று மட்டும் சிவப்பு. மதியச் சாப்பாட்டுக்கு யாரும் என்னைக் கூப்பிடவில்லை, ஷாகிராவைத் தவிர. அவள் வீட்டு பிரியாணியைப் பாதி எனக்கு வைத்தாள்.

ஜூன் 17, செவ்வாய்

லேப் முதலாளி மெயிலை இரண்டு தடவை படித்துவிட்டு, நாளையிலிருந்து வரச் சொல்லியிருக்கிறாராம். புது ஆளும் இருக்கும். மரிய புஷ்பம் போனில் அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. மனசு லேசானது.

ஜூன் 20, வெள்ளி

ஆடிட்டர் வந்தார். கதர்ச் சட்டை, அதிராத பேச்சு. ஆயிரத்துத் தொள்ளாயிரம் மாற்றங்களையும் விட்டுவிட்டு நேராகச் சிவப்புக்குப் போனார். என் குறிப்பைப் படித்தார். இனி எண் பொருந்தாத மாற்றத்தை எப்படித் தடுப்பீர்கள் என்று கேட்டார், சொன்னேன். எழுதிக்கொண்டார்.

"கோளாறு சரியானதுன்னு யார் முடிவு பண்ணுவாங்க?"

"ஒப்புதல் ஆனதும் தானா மூடிடும்" என்றார் ரெஜினால்ட்.

"அப்படித்தானே மூடுச்சு?" என்றார் ஆடிட்டர்.

ஆளுக்கு ஆபத்து வரக்கூடிய புகாரை, புகார் கொடுத்தவர் சரி என்று சொல்லாமல் மூடக் கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். 4417 அப்படி மூடப்பட்டதும் சான்றிதழ். அதுவரை நிறுத்திவைப்பு. நாளை வெளியீடு போகலாம்.

ஜூன் 30, திங்கள்

வெளியீடு போய் ஒன்பது நாள் ஆகிறது. ரெஜினால்ட் தினமும் என் மேஜைப் பக்கம் வந்து நின்று, ஒன்றும் கேட்காமல் போகிறார். இன்று கேட்டேவிட்டார். போன் செய்தேன்.

"நல்லா இருக்கேன் மேடம். லேபிளு முழுசா வருது. இனிஷியலு முன்னாடி, வயசு கீழ. இன்னைக்கு வர ஒண்ணுகூட வெட்டல."

"சுடலைமுத்து ஐயா எப்படி இருக்காங்க?"

"நடமாடுதாங்க. ஆனா நம்ம லேபுக்கு வாரதில்ல. வேற எடத்துக்குப் போறாங்க. அவங்களச் சொல்லிக் குத்தமில்ல."

டிக்கெட்டை மூட வேண்டும், நீங்கள் சரி என்று சொன்னால்தான் மூட முடியும் என்றேன். பின்னால் ஏதோ மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"இப்ப மூட வேண்டாம் மேடம்."

"ஏதாவது கோளாறு இருக்குதா?"

"கோளாறு ஒண்ணுமில்ல. லேபிளு சரியா வந்தும் நான் பேனாவால எழுதிக்கிட்டுதான் இருக்கேன். எழுதாண்டாம்னு தெரியுது. ஆனா எழுதாத குழாயக் கையில எடுத்தா வெரலு நடுங்குது. அது என்னைக்கு நிக்குதோ அன்னைக்கு நானே கூப்பிடுதேன். அதுவர தொறந்து கெடக்கட்டும்."

"எவ்வளவு நாளாகும்னு…" என்று ஆரம்பித்தேன். இரண்டு வருஷம் காத்திருந்தவரிடம் நான் கேட்கும் கேள்வியா அது? அவர் அதைச் சொல்லிக்காட்டவில்லை.

"தெரியல மேடம்" என்றார், அவ்வளவுதான்.

ரெஜினால்ட் வாசலிலேயே நின்றிருந்தார். என் முகத்தைப் பார்த்ததுமே புரிந்திருக்கும். ஆனாலும் கேட்டார்.

"எப்பவாம்?"

"அவங்க கூப்பிடுவாங்க சார்."

இடத்துக்கு வந்து 4417-ஐத் திறந்தேன். நிலை என்ற கட்டத்தில் 'காத்திருப்பு' என்று போட்டேன். காத்திருப்பவர் யார் என்று கேட்டது. என் பெயரைப் போட்டேன்.